குடும்ப வாகனமும் அயலார் உயிரும்

ஒரு குடும்பம் தனக்கென நடுத்தர விலையுள்ள எஸ்.யு.வி. வாகனமொன்றைத் தேர்ந்தெடுப்பது விலை, எஞ்சின், மைலேஜ் ஆகியவற்றைப் பற்றிய முடிவாகவே பேசப்பட்டு வருகிறது. அது ஓர் அறவியல் முடிவும் ஆகும் என்பதும், அதில் அடங்கிய கேள்வியை இந்தியச் சமயங்கள், குறிப்பாகச் சமணம், மாட்டுவண்டிகளும் தேர்களும் ஓடிய காலத்திலேயே நுணுகி ஆராய்ந்துவிட்டன என்பதும் கவனத்துக்கு வருவதில்லை. தன் குடும்பத்தாரைக் காப்பதற்காக ஒருவர் செய்யும் தேர்வு, அக்குடும்பத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒருவரின் உயிருக்குக் கூடுதல் ஆபத்தை உண்டாக்குமானால், அதற்கு அவர் எந்த அளவு பொறுப்பாவார் என்பதே அக்கேள்வி. விபத்துக்குப் பின் நீதிமன்றத்தில் எழும் பொறுப்பு வேறு. இங்கே ஆராயப்படுவது, விபத்து எதுவும் நடவாத நிலையில், முன்பணம் கட்டும் நாளிலேயே எழும் பொறுப்பு.

இந்தியச் சந்தையில் இவ்வகை வாகனத்தைப் பரவலாக்கியது 2012இல் ஒரகடம் ஆலையிலிருந்து வெளிவந்த ரெனோ டஸ்டர் எனலாம். 2015இல் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி வந்த ஹூண்டாய் கிரெட்டா அதைப் பின்னுக்குத் தள்ள, 2019இல் கியா செல்டாஸ், 2022இல் மாருதி கிராண்ட் விட்டாரா, 2023இல் ஹோண்டா எலிவேட் என அந்த வரிசை நீண்டது. ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம், வண்டியின் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் இடையே 190 முதல் 220 மில்லிமீட்டர் வரையிலான தரை இடைவெளி, பெரும்பாலும் 1.5 லிட்டர் எஞ்சின், ஐந்து இருக்கைகள் என்பவை இவற்றுக்குப் பொதுவான இயல்புகள். எஸ்.யு.வி. என்றால் என்ன என்று வரையறுப்பதில் அரசே தடுமாறியது சுவையான செய்தி: 2022 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் உயர்ந்த கூடுதல் வரிக்குரிய எஸ்.யு.வி.க்கு 1,500 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் வேண்டும் என்று தெளிவுபடுத்தியபோது, 1,497 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்திய கிரெட்டா, ஊரார் அனைவரும் எஸ்.யு.வி. என்று அழைத்தும், அந்த வரையறைக்கு மூன்று கன சென்டிமீட்டர் குறைவாக நின்றது. இதில் ‘நடுத்தரம்’ என்பது விற்பனையாளர் வகுத்த விலைப்படிகளுள் ஒன்றன் பெயரே அன்றி, சமயங்களும் அரிஸ்டாட்டிலும் பேசிய நடுநிலை அளவோடு அதற்கு உறவு எதுவும் இல்லை.

இவ்வாகனத்தை நாடும் குடும்பத்தின் காரணங்களை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. முழங்கால் வலியுள்ள முதியவர் தாழ்ந்த இருக்கையில் குனிந்து அமர்ந்து மீண்டும் எழுவதைவிட, இடுப்பளவு உயர்ந்த இருக்கையில் பக்கவாட்டில் அமர்வது எளிது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் தெருக்களும், அளவு முறையின்றி எழுப்பப்பட்ட வேகத்தடைகளும், தாழ்ந்த கார்களின் அடிப்பாகத்தை உரசுவது உண்மை. உயரத்திலிருந்து சாலையைப் பார்ப்பது ஓட்டுநருக்கு நம்பிக்கை தருவதும் உண்மை. ஆகவே ஷோரூமில் கேட்கப்படும் கேள்விகள், டிக்கியில் எத்தனை பெட்டிகள் கொள்ளும், பின்னிருக்கைக்கு ஏ.சி. காற்று வருமா, எத்தனை ஏர்பேக், பாதுகாப்புச் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்பவை, யாவும் அன்பிலிருந்து பிறப்பவையே. ஆயினும் அவை அனைத்தும் வண்டிக்கு உள்ளே அமர்ந்திருப்பவரைப் பற்றியவை. அத்தேர்வால் மிகுதியாகப் பாதிக்கப்படக்கூடிய ஒருவர் அங்கே இருப்பதில்லை.

அவர் யார் என்பதை அரசின் கணக்கே காட்டுகிறது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். சாலையில் இறப்பவருள் மூவரில் இருவருக்குச் சற்றே குறைவானோர், தம்மைச் சுற்றி இரும்புக்கூடு எதுவும் இல்லாதவர்கள் என்பது இதன் பொருள். ஆனால் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்.சி.ஏ.பி. என்னும் வாகன மோதல் சோதனைத் திட்டம், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைத் தடுப்பின்மீது மோதவிட்டு, வயதுவந்த பயணிக்கு 32 புள்ளிகளிலும் குழந்தைப் பயணிக்கு 49 புள்ளிகளிலும் மதிப்பெண் வழங்கும் வகையில் அமைக்கப்பட்டது. வெளியே நிற்பவருக்காக வண்டியின் முன்பகுதி நிறைவு செய்ய வேண்டிய விதி உண்டெனினும், அவருக்கென்று தனி மதிப்பெண் அதில் வகுக்கப்படவில்லை. ஐரோப்பாவின் யூரோ என்.சி.ஏ.பி. சோதனையோ பாதசாரிகளுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் கிடைக்கும் பாதுகாப்பையும் மதிப்பிடுகிறது. விளம்பரத்தில் மின்னும் ஐந்து நட்சத்திரங்கள் ஒரு பாதியின் கதையை மட்டுமே சொல்கின்றன.

மோட்டார் வாகனச் சட்டம் இவ்விடத்தில் ஷோரூமைவிடத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் அச்சட்டப்படி, ஒருவர் தம் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு எடுக்காமல் இருக்கலாம். ஆனால் மூன்றாம் தரப்பினருக்கு, அதாவது அவ்வண்டியால் பாதிக்கப்படக்கூடிய அயலாருக்கு, காப்பீடு எடுக்காமல் பொதுச்சாலையில் வண்டியை இறக்கக் கூடாது. முன்பின் அறியாத அந்த அயலார் வண்டி உரிமையாளரோடு முன்கூட்டியே ஓர் உறவுக்குள் கொண்டுவரப்படுகிறார் என்பது இதன் உட்பொருள்.

தமிழ் அறநூல் மரபு இவ்வுறவை அன்பு, அருள் என்னும் இரு கருத்துகளைக் கொண்டு ஆராய்கிறது. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், தன்னோடு தொடர்புடையார்மீது செல்லும் காதலை அன்பு என்றும், தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்கள்மீதும் இயல்பாகச் செல்லும் கருணையை அருள் என்றும் கொண்டார். அன்புடைமை இல்லறவியலிலும், அருளுடைமை, இன்னாசெய்யாமை, கொல்லாமை ஆகியவை துறவறவியலிலும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வைப்புமுறையை மேலோட்டமாகக் கொண்டால், மனைவி மக்களைக் காப்பதோடு இல்லறத்தான் கடமை முடிந்தது, தெருவில் செல்லும் முகமறியா மனிதரைப் பற்றிய கவலை துறவிக்கு உரியது என்று வாதிடத் தோன்றும். ஆனால் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகக் காணும் கருத்து அதே நூலில் பொருட்பாலில் இடம்பெறுகிறது. அதற்கேற்ப, குடும்பத்தின்மீதான அன்பு அருளுக்குப் பகையன்று, அதன் தாய் ஆகும். தன் குழந்தை சாலையைக் கடக்கும்போது எதிரே வரும் வண்டியின் பானெட் எவ்வளவு உயரம் என்று அஞ்சத் தெரிந்த ஒருவருக்கு, தம் வண்டியின் பானெட்டைக் கண்டு அடுத்த வீட்டுத் தாய் ஏன் அஞ்சுகிறாள் என்பது விளங்காமல் போக வழியில்லை.

இந்தச் சிக்கலை மிக நுட்பமாகப் பகுத்துப் பார்த்தவர்கள் சமணர்களே. இல்லறத்தார்க்கு முழுமையான கொல்லாமை இயலாது என்பதை ஒப்புக்கொண்டே அவர்கள் தொடங்கினர்: எண்ணித் துணிந்து செய்யும் கொலை, சமைத்தல், துப்புரவு செய்தல் போன்ற இல்லக் கடமைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என இம்சையை நான்காக வகுத்து, முதலாவதை இல்லறத்தார் அறவே விட வேண்டும் என்றும், ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் விதித்தனர். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குத் தரும் இலக்கணத்தில் உயிர்போக்குதலோடு ‘பிரமாதம்’, அதாவது விழிப்பின்மை அல்லது கவனக்குறைவு, இணைத்துச் சொல்லப்படுகிறது. கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமையே ஒருவரைக் குற்றமற்றவராக்கிவிடாது. துறவி நடக்கும்போது ஒரு நுகத்தடி நீளத்துக்கு முன்னே தரையைப் பார்த்தே அடியெடுத்து வைக்க வேண்டும் என்னும் ஈரியா சமிதி, அதாவது நடையில் கொள்ள வேண்டிய விழிப்பு, இக்கொள்கையின் அன்றாட வடிவம். உயர்ந்து தட்டையாக எழும் பானெட்டுக்குப் பின்னே அமர்ந்த ஓட்டுநரால் வண்டிக்கு நேர்முன்னே நிற்கும் சிறுபிள்ளையைக் காண முடிவதில்லை என்பதை அறிந்தவர், அந்த விதியின் பொருளை எளிதில் உணர்வார்: அங்கே விழிப்பின்மை ஓட்டும் கணத்தில் நேர்வதன்று, வண்டியின் வடிவிலேயே வாங்கப்பட்டுவிடுகிறது.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதைத் தழுவி எழுந்த தமிழ்ச் சமண நூலான அருங்கலச்செப்பும் இல்லறத்தார் நோன்புகளுள் ஒன்றாக அனர்த்ததண்ட விரதத்தைக் கூறுகின்றன. பயன் எதுவும் இல்லாமல் பிற உயிருக்குத் துன்பம் விளைக்கும் செயல்களிலிருந்து விலகுவது அந்நோன்பு; பயன் உள்ள துன்பத்தையும் பயனற்ற துன்பத்தையும் அது பிரித்துப் பார்க்கிறது. பாட்டியின் முழங்காலுக்காக உயர்ந்த இருக்கை என்பது பயன். அக்கம்பக்கத்தார் வியக்க வேண்டும் என்பதற்காகப் பானெட் உயரம் என்பது பயனன்று. ஒரே வாகனத்தில் இவ்விரண்டும் கலந்து கிடப்பதால், எது எதற்காக வாங்கப்படுகிறது என்பதை வாங்குபவர்தான் தமக்குள் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. உடைமைக்கு முன்கூட்டியே எல்லை வகுத்துக்கொள்ளும் பரிக்கிரக பரிமாண நோன்பும் இங்கே உதவும். எல்லை, சந்தைக்குப் போகுமுன் வகுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வேரியண்டுக்கும் இடையே சில பத்தாயிரங்களே வேறுபாடு என்று காட்டி விற்பனையாளர் படிப்படியாக மேலே அழைத்துச் செல்லும்போது வகுக்கப்படும் எல்லை, எல்லையாக நிற்பதில்லை. வண்டி செய்தல், வண்டியை வாடகைக்கு விடுதல் ஆகியவற்றையே இல்லறத்தார் தவிர்க்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் சுவேதாம்பர மரபு சேர்த்திருந்தது என்பது, போக்குவரத்தையே அறத்தோடு பொருத்தி எடைபோடும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதைக் காட்டும்.

வாங்குபவரின் பொறுப்பு பற்றித் தமிழில் நடந்த பெரிய வாதம் புலால் பற்றியது. எண்ணமே வினை என்று கொண்ட பௌத்தர், தாம் கொல்லாததும் தமக்காகக் கொல்லப்படாததுமான ஊனை உண்பதில் குற்றமில்லை என்றனர். நீலகேசி என்னும் சமணக் காப்பியம் அவ்வாதத்தை மறுத்து, உண்பவர் இருப்பதாலேயே கொல்பவர் இருக்கிறார் என்ற திசையில் வாதிடுகிறது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும் இதே நிலையையே எடுக்கிறார். நிறுவனங்கள் செய்கின்றன, நாம் வாங்குகிறோம், வடிவமைப்புக்கு நாமா பொறுப்பு என்று கேட்பவருக்கு இவ்வாதம் நேரடியான விடை ஆகும். எனினும் பௌத்தர் தரப்பும் முற்றாகத் தோற்றுவிடவில்லை: தீய எண்ணத்தோடு செய்யப்பட்டதையும் அறியாமல் நேர்ந்ததையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால், வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் கொலையாளியாகிவிடுவார், அப்படிச் சொல்லும் அறம் யாரையும் திருத்தாது.

மனுநீதிச் சோழன் கதை இவ்விரு தரப்புக்கும் இடையே நிற்கிறது. திருவாரூரில் அரசகுமாரனின் தேர்ச்சக்கரத்தின் கீழ் எதிர்பாராமல் ஓடிவந்த பசுங்கன்று சிக்கி இறந்ததைப் பெரியபுராணம் திருநகரச் சிறப்பில் விரித்துரைக்கிறது. சிலப்பதிகாரமும் அச்செய்தியைச் சுட்டுகிறது. இலங்கையின் மகாவம்சம் எல்லாள மன்னனைப் பற்றி இதையொத்த கதையைக் கூறுகிறது. அமைச்சர்கள் கழுவாய் செய்து முடித்துவிடலாம் என்கின்றனர். வேறொருவன் செய்திருந்தால் கொலைத்தண்டம் விதித்துவிட்டு, தன் மகன் என்பதால் கழுவாயோடு விடுவது எப்படி நீதியாகும் என்பது மன்னனின் கேள்வி. மகனைத் தேர்க்காலிலிட்ட தண்டனையை இன்றைய மனம் ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் தன் பிள்ளைக்கு ஒரு நிறைகோலும் அயலார் பிள்ளைக்கு வேறொரு நிறைகோலும் வைத்திருப்பதை அவன் மறுக்கும் இடம் தண்டனையோடு சேர்ந்து மறையத்தக்கதன்று. ஆங்கில மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ், தவறேதும் செய்யாத லாரி ஓட்டுநரின் வண்டியில் குழந்தை அடிபட்டு இறக்கும் எடுத்துக்காட்டைக் கொண்டு, குற்றம் இல்லாத இடத்திலும் செய்தவருக்கு மட்டுமே உரிய ஒருவகைத் துயரம் உண்டு என்று காட்டினார்; பார்த்து நின்றவரின் இரக்கத்திலிருந்து அது வேறானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவோ, ஓட்டுநரின் தவறு எதையும் மெய்ப்பிக்காமலேயே, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் வழங்கச் சொல்கிறது. குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல என்பதைத் திருவாரூர் மன்னனும் வில்லியம்ஸும் நாடாளுமன்றமும் தத்தம் வழியில் கண்டிருக்கின்றனர்.

மேலைநாட்டில் இக்கேள்வி சமயத்தின் பெயராலேயே தெருவுக்கு வந்தது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் எவாஞ்சலிக்கல் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு, இயேசு எந்தக் காரை ஓட்டுவார் என்று கேட்கும் இயக்கமொன்றைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய போதகர் ஜிம் பால் டெட்ராய்ட் நகரின் கார் நிறுவன அதிகாரிகளைச் சந்தித்து, எரிபொருளைக் கொட்டித் தீர்க்கும் பெரிய வண்டிகள் அயலானை நேசிக்கும் கட்டளைக்கு முரணானவை என்று வாதிட்டார். நகைப்புக்கு ஆளான போதும் கேள்வியின் அடித்தளம் உறுதியானது. நல்ல சமாரியன் உவமையில் அயலான் யார் என்பதற்கான விடை கிடைப்பது எரிகோவுக்குச் செல்லும் சாலையோரத்தில்தான். 2007 ஜூனில் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுநருக்குரிய பத்துக் கட்டளைகளை வகுத்தபோது, காரை ஆதிக்கத்தின் வெளிப்பாடாக ஆக்கலாகாது என்றும், சாலையில் வலுவற்ற தரப்பைக் காக்க வேண்டும் என்றும் கூறியது. அமெரிக்க இயக்கம் புகையைப் பற்றிப் பேசியது. வத்திக்கான் ஆவணம் மோதலைப் பற்றியும் பேசியது. இந்த ஆராய்ச்சிக்குப் பின்னதே நெருக்கமானது.

எதிர்வாதம் ஒன்று வலிமையானது. எல்லாருடைய நலனையும் சமமாக எடைபோட்டுவிட்டுத்தான் ஒரு தந்தை தன் குழந்தையைக் காப்பாற்றலாம் என்று சொல்லும் அறம் அன்பையே அழித்துவிடும். சீன மெய்யியலாளர் மோசி எல்லாரையும் சமமாக நேசிக்க வேண்டும் என்றதற்கு எதிராக, பின்வந்த சீன அறிஞர் மென்சியஸ் அதைத் தந்தையையே மறுக்கும் கொள்கை என்று தாக்கியதும் இதனால்தான். குடும்பத்துக்கு முதலிடம் தருவது தவறன்று என்பதை ஏற்கலாம். ஆனால் முதலிடம் தருவது வேறு, தன் ஆபத்தை இன்னொருவர் தலைக்கு மாற்றுவது வேறு. அமெரிக்கப் பொருளியலாளர் மிஷெல் வைட் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய வண்டிகளில் செல்வோர் தமக்கு நேரும் ஓர் உயிர்ப்பலி விபத்தைத் தவிர்க்கும்போது, மற்றவர்களுக்குக் குறைந்தது 4.3 உயிர்ப்பலி விபத்துகள் கூடுகின்றன என்று கணக்கிட்டார். அதை அவர் சாலையில் நடக்கும் ஆயுதப் போட்டி என்றே அழைத்தார். எதிரே வருவது உயரமான வண்டி என்பதற்காக ஒருவர் உயரமான வண்டி வாங்க, அவரைக் கண்டு அடுத்தவரும் அதையே வாங்க, இறுதியில் கார்களில் செல்வோர் ஒருவர்க்கொருவர் பழைய நிலையிலேயே நிற்கின்றனர். போட்டியில் சேர வழியற்ற மிதிவண்டிக்காரர் மட்டும் மேலும் தாழ்ந்துவிடுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்கக் கணக்கை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்தலாகாது. 2023இல் அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம், 40 அங்குலத்துக்கு மேல் பானெட் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்கு உட்பட்டுச் சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிடப் பாதசாரி விபத்துகளில் மரணம் விளைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. அதன் முதன்மைக் குற்றவாளிகள் அந்நாட்டின் பெரும் பிக்கப் வண்டிகளும் பேருருவ எஸ்.யு.வி.களும் ஆகும். 2024 பிப்ரவரியில் பாரிஸ் மக்கள் வாக்களித்து நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கியது 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு. இந்திய நடுத்தர எஸ்.யு.வி.கள் பொதுவாக அந்த எடையை எட்டுவதில்லை. ஆகவே கிரெட்டா வகை வண்டியை வாங்குபவரைப் பெரும்பாவியாக்குவது மிகையாகும். உயரம் கூடுதல் என்பதைவிட, முகப்பு செங்குத்தாக நிற்கிறதா, சரிந்து இறங்குகிறதா என்பது அறிவுடைய கேள்வி. ஒரே விலைப்படியிலும் இதில் வேறுபாடு காணப்படுகிறது.

கண்டிக்கத்தக்கது வேறோர் இடத்தில் இருக்கிறது. குறுக்கே வரும் பாதசாரியைக் கேமராவாலும் ரேடாராலும் கண்டறிந்து தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி, அயலாரின் உயிருக்காக இவ்வாகனங்களில் இடம்பெறும் கருவிகளுள் முதன்மையானது. அது பெரும்பாலும் விலை உயர்ந்த வேரியண்டுகளில், அகன்ற சன்ரூஃப், காற்றோட்டமுள்ள இருக்கை ஆகியவற்றோடு ஒரே கட்டாகவே விற்கப்படுகிறது. வெளியே நிற்பவரின் பாதுகாப்பு உள்ளே அமர்பவரின் சொகுசுக்கு ஒட்டுப்பொருளாக்கப்பட்டிருப்பதைச் சந்தையின் இயல்பு என்று கடந்துபோவது அறிஞர்க்கு அழகன்று. அந்த ஒரு வசதிக்காக மேல் வேரியண்டுக்குச் செல்பவர் செலவு செய்வதை ஆடம்பரம் எனக் கூற இயலாது. முன்புறம் இரும்புக் குழாய்களைப் பொருத்திக்கொள்ளும் புல் பார் வழக்கமோ தெளிவான பயனற்ற துன்பம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களைக் கேட்டுக்கொண்ட பின்னரும் அது மறையவில்லை.

புதிய வண்டிக்குப் பூசை செய்வது தமிழகத்தில் தவறாத வழக்கம். சென்னைப் பல்லவன் சாலையிலுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோவிலுக்கு வண்டிகள் வந்து சேர்வது இதனால்தான். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை உயிர்ப்பலிக்கு ஈடாகத் தரப்படும் காணிக்கை என்று கொண்டால், இவ்வண்டி ஓர் உயிரைப் பறிக்கக்கூடியது என்ற ஒப்புதலும் அச்சடங்கில் இருக்கிறது என்று சொல்லலாம். வேண்டுதல் உள்ளே இருப்பவருக்கு மட்டுமா, வெளியே இருப்பவருக்கும் சேர்த்தா என்பதைச் சடங்கு வேண்டுபவரிடமே விட்டுவிடுகிறது.

குடும்ப வாகனம் என்பதால் அதை ஓட்டப்போகிறவர் ஒருவர் அல்லர் என்பதும் தேர்வுக்கு உரிய செய்தி. அனர்த்ததண்டத்தின் ஐந்து வகைகளுள் இம்சாதானம் ஒன்று: கோடரி, வாள், தீ போன்று கேடு விளைக்கத்தக்க கருவிகளைப் பிறர் கையில் கொடுத்தல். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகள் என்று முன்கூட்டியே கொண்டு, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது; தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர்கள்மீதே சுமத்தப்படுகிறது. பதினெட்டு வயதும் உரிமமும் வந்த மகனுக்கோ மகளுக்கோ அப்பிரிவு பொருந்தாது. ஆனால் ஒன்றரை டன்னை நெருங்கும் வண்டியின் சாவியை அவர்கள் கையில் எப்போது, எந்தச் சாலைக்கு, எந்நேரத்தில் கொடுப்பது என்ற முடிவு அப்போதும் வீட்டாரிடமே இருக்கிறது. வேகத்தையும் உந்துவிசையையும் ஒப்பிட்டு டர்போ எஞ்சின் வேரியண்டைத் தேர்வதா, சாதாரண எஞ்சினோடு நிறுத்திக்கொள்வதா என்று பேசும் குடும்பம், அவ்வண்டியை ஐந்தாண்டுக்குப் பின் அதிகமாக ஓட்டப்போகிறவர் யார் என்பதையும் அதே பேச்சில் கணக்கிட வேண்டியிருக்கிறது.